மூடிக்குள் ஐந்து துளைகள்

நெல்டாவால் ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாது. இது அவள் கணவன் டெல்மருக்குத் தெரியும், அவளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள். வலது கட்டைவிரலின் அடியில் தேய்ந்துபோயிருந்த சின்ன எலும்பைப் போன வசந்தகாலத்தில் எடுத்துவிட்டார்கள். வலி போயிற்று. கூடவே பிடியும் போயிற்று. டெல்மர் ஜாடியை வாங்கக் கையை நீட்டினால், "என் கை இன்னும் என் உடம்புலதான் இருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, ஜாடியைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிடுவாள். அங்கே இப்போது ஒரு வரிசை ஜாடிகள் திறக்கப்படாமல் நின்றன. டெல்மர் அவற்றைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், வெறும் சோளரொட்டியைத் தின்பான்.

ஜாடி போனால் போகட்டும். துப்பாக்கி அப்படி இல்லை. லாரல் கிரீக் துப்பாக்கிக் கிளப்பின் நாலு பேர் அணியில் இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்கு ஓர் இடம் இருந்தது. கென்டக்கி மலைகளுக்குள் அந்த இடத்துக்கு உள்ள மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது. அவளுடைய பழைய பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்கிற கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்ட வேண்டும். இரண்டு முறை செய்வாள். மூன்றாவது முறை கை வழுக்கும். அதை மறைக்க இருமுவாள், மூக்கைச் சிந்துவாள், தொப்பியைச் சரிசெய்வாள். ஆனால் அணித் தலைவன் ராய்ஸுக்குக் கண் கழுத்துக்குப் பின்னாலும் உண்டு.

ராய்ஸ் கெட்டவன் இல்லை. தேன் தடவிப் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான்.

"நெல்டா, அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி இறுதிப் போட்டி. நான் நாலு பேரு பேரக் குடுத்தாகணும். உன் கை இப்படி வழுக்கிட்டு இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"யாரப் போடப்போற?"

"என் அண்ணன் மகன் கோல்பி இருக்கான்."

"பக்கத்து அட்டையா?"

ராய்ஸுக்கு முகம் சுருங்கியது. கோல்பி ஒரே ஒரு முறை, ஒரே ஒரு குண்டை, தன் குறி அட்டையை விட்டுப் பக்கத்து ஆளின் அட்டையில் சுட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே பக்கத்து அட்டைதான். பெட்ரோல் பங்கில் காசு வாங்குகிற பெண்ணே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த ஊரில் ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால் கல்லறைக் கல்லில் மட்டும்தான் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கும்.

"சரி, நியாயமா ஒண்ணு சொல்றேன்" என்றான் ராய்ஸ். "வர்ற சனிக்கிழமை காலையில வா. எந்தத் துப்பாக்கி வேணாலும் கொண்டு வா, தானா தோட்டா ஏத்திக்கிற துப்பாக்கியா இருந்தாலும் பரவால்ல, போட்டியில அனுமதி இருக்கு. ஐம்பது கஜம். பழகுறதுக்குக் கால் மணி நேரம் எத்தன வேணாலும் சுட்டுக்க. அப்புறம் அஞ்சு குண்டு. என் மூடிக்குள்ள அஞ்சும் அடங்கினா இடம் உன்னோடது. ஒண்ணு வெளிய எட்டிப் பாத்தாலும் கோல்பிதான்."

மூடி என்றால் சோடா பாட்டில் மூடி. ராய்ஸின் சட்டைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். சுட்ட துளைகளின்மேல் அதை வைத்துப் பார்ப்பான். துளைகள் மறைந்தால் நீ சுடத் தெரிந்தவன். மறையவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

நகரத்துக் கடையில், தானாகத் தோட்டா ஏற்றிக்கொண்டு மூடிக்குள்ளும் சுடுகிற புதுத் துப்பாக்கிகள் இருந்தன. நெல்டா கையில் வைத்திருந்த நானூறு டாலருக்கு அவற்றின் உறையைத்தான் தருவார்கள். அதனால் அவள் வில்லர்டிடம் போனாள். வில்லர்ட் கிளப்பின் பழைய ஆள். கண்ணில் புரை விழுந்து சுடுவதை நிறுத்திவிட்டு, தன் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகத் தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். களஞ்சியத்துக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஒரு மேசையும் மண்மேடும் வைத்திருந்தார்.

"தானா ஏத்திக்கிறது ரெண்டு இருக்கு" என்றார். "எத எடுத்தாலும் நானூறு. ஆனா தாயி, கண்ண வச்சு எடுக்காத. அட்டைய வச்சு எடு."

ஒன்று வால்நட் மரப் பின்கட்டை போட்டது. மெழுகு பூசி, முகம் பார்க்கலாம் போல இருந்தது. கூட வந்திருந்த டெல்மர் பார்த்ததும், "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கே" என்றான். மற்றது கனத்த குழலும் பச்சைப் பெயின்ட் உரிந்த கட்டையுமாக, பிடியில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. "இது கழுத" என்றான் டெல்மர். அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

நெல்டா மூன்று வகைத் தோட்டா கொண்டுவந்திருந்தாள். இந்தச் சின்னத் துப்பாக்கிகளுக்கு நாக்கு உண்டு. எது பிடிக்கும் என்று ஊட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எதைப் போட்டாலும் நாலு குண்டு ஒன்றாக விழும், ஐந்தாவது ஊர் சுற்றப் போய்விடும். கழுதை முதல் இரண்டு வகையையும் துப்பியது. மூன்றாவதைப் போட்டதும் ஐந்தும் ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. இன்னொரு முறை சுட்டாள். அதே. இன்னொரு முறை. அதே. அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது. அந்த வருஷத்தில் முதல் முறையாகத் தன் கைமேல் கோபம் இல்லாமல் இருந்தாள்.

"ரெண்டையும் கொண்டுபோ. நல்லாச் சுட்டுப் பாரு" என்றார் வில்லர்ட். "வேண்டாதத சனிக்கிழமை கிளப்புக்குக் கொண்டு வா, அங்க வாங்கிக்கறேன்."

ஒரே ஒரு தொந்தரவு. துப்பாக்கிக்குள் மாட்டுகிற மேகசின் கூட்டில் தோட்டாக்களைச் செருகும்போது ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். பத்து தோட்டா ரொப்புவதற்குள் நெல்டாவின் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது.

"குடு, நான் போட்டுத் தரேன்" என்றான் டெல்மர்.

"உன் வேலையப் பாரு."

"எனக்கு என்ன வேல இருக்கு? ரிட்டயர் ஆனவன்."

"அப்ப சும்மா இரு."

சும்மா இருப்பதுதான் டெல்மருக்கு வராது. முப்பது வருஷம் பால் ஆலையில் எஃகுத் தொட்டிகளைக் கழுவிய மனுஷன் அவன். மின்னாத பொருள் அவனுக்கு அழுக்கு. கல்யாணமான புதிதில் நெல்டாவின் அம்மா கொடுத்த இரும்புச் சட்டியைக் கம்பிநாரால் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நீட்டினான். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துப் பழகிய சட்டி அது. அதற்குப் பிறகு ஒரு மாதம் சோளரொட்டி சட்டியைவிட்டு வர மறுத்தது. நெல்டா அன்றைக்குக் கத்திய கத்தலில் சட்டியைத் தொடுவதை மட்டும் நிறுத்தினான். மற்றதெல்லாம் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தில் விருந்துச் சமையல். நெல்டா பீன்ஸ் கிண்டிவிட்டு வீடு திரும்பியபோது சமையலறை மேசை வழக்கத்தைவிடப் பளபளவென்று இருந்தது. டெல்மர் விசிலடித்துக்கொண்டிருந்தான். அவள் களைப்பில் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஓடைமேல் பனிமூட்டம் கிடந்தது. கிளப்பில் ராய்ஸ், கோல்பி, வில்லர்ட், இன்னும் ஏழெட்டுப் பேர் காபிக் கோப்பைகளோடு நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை கை போன கதையைப் பார்க்க வந்த கூட்டம் என்று நெல்டா மனதுக்குள் திட்டிக்கொண்டாள். டெல்மர் மாப்பிள்ளையை வில்லர்டின் கையில் கொடுத்தான். அவள் கழுதையை மேசைமேல் மணல்மூட்டையில் சாய்த்து உட்கார்ந்தாள்.

"கால் மணி நேரம்" என்று ராய்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "ஆரம்பி."

வீட்டிலேயே ரொப்பிவைத்திருந்த மேகசினைப் போட்டு ஐந்து சுட்டாள். தொலைநோக்கியில் பார்த்தாள். தப்பாகப் பார்க்கிறோமோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐந்து துளைகள் ஐந்து திசையில் கிடந்தன. சாப்பாட்டுத் தட்டை வைத்தாலும் மூட முடியாது.

மீதி ஐந்தைச் சுட்டாள். இன்னும் மோசம்.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "மூச்சப் பிடிச்சுச் சுடு" என்று ஒருவன் புத்தி சொன்னான். "கை நடுங்குது பாவம்" என்று இன்னொருவன் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். நெல்டாவின் கை நடுங்கவில்லை. கை இதைச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வேறு எது செய்தது என்று தெரியவில்லை. திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாகவே இருந்தன. தோட்டாப் பெட்டியைப் பார்த்தாள், அதே தோட்டாதான்.

"இத ஒரு தடவ சுட்டுப் பாரு" என்று வில்லர்ட் மாப்பிள்ளையை நீட்டினார். அவருக்கே முகம் வாடியிருந்தது. தான் விற்ற துப்பாக்கி ஊரார் முன்னால் மானத்தை வாங்குகிறதே.

மாப்பிள்ளையில் ஐந்து சுட்டாள். நாலு ஒன்றாக, ஐந்தாவது வழக்கம்போல ஊர் சுற்றப் போயிருந்தது.

"அதையே வச்சுக்க" என்றான் ராய்ஸ். "அதிர்ஷ்டம் இருந்தா அஞ்சாவது உள்ள விழும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. எதுன்னு முடிவு பண்ணு."

அவள் காபிக்குக் கையை நீட்டினாள். டெல்மர் பிளாஸ்கின் மூடியில் ஊற்றிக் கொடுத்தான். அப்போதுதான் அவன் நகங்களைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் டெல்மரின் நகத்தில் அவள் அழுக்கைப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவளுடைய நகங்களைவிட அவன் நகங்கள்தான் சுத்தமாக இருந்தன. இன்று எல்லா நகத்தின் ஓரத்திலும் கறுப்பு. ஈயக் கறுப்பு, தேய்த்தாலும் போகாத கறுப்பு. குனிந்து கழுதையின் குழல் வாயை மோந்தாள். குழல் கழுவுகிற கரைப்பான் மருந்து மூக்கில் ஏறியது.

இரும்புச் சட்டி ஞாபகம் வந்தது.

தோட்டாவின் ஈயமும் மெழுகும் குழலுக்குள் படிந்து படிந்து அது பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் டெல்மர் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டான். அவள் தேவாலயத்தில் பீன்ஸ் கிண்டிய நேரத்தில், சமையலறை மேசையில் உட்கார்ந்து, விசிலடித்துக்கொண்டு. அவளால் இந்தக் கையோடு துப்புரவுக் கோலைப் பிடிக்க முடியாது, கேட்டால் கடிப்பாள், அதனால் சொல்லாமல் செய்துவிடலாம் என்று நினைத்திருப்பான். நெல்டாவுக்கு வந்த கோபத்தில் அவனை அந்த ஓடையிலே தள்ளி முக்கியிருப்பாள். இருபது வருஷத்து இடம். ஒரு பிரஷ், ஒரு பாட்டில் மருந்து, முடிந்தது.

"துப்பாக்கிக்கு ஏதாவது ஆச்சா?" ராய்ஸ் அவள் மோந்ததைப் பார்த்துவிட்டான். "யாராச்சும் கைய வச்சாங்களா? இருந்தாச் சொல்லு. அது உன் தப்பு இல்ல. புதன்கிழமைக்குத் தள்ளி வச்சுக்கலாம்."

வாயைத் திறந்தால் போதும். ஒரே வார்த்தை. புதன்கிழமைக்குள் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துவிடலாம். கோல்பி கூட்டத்தில் முன்னால் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பாவம், அவன் பெயரை அழிக்க இன்னொரு பெயர் பிறந்தால்தான் உண்டு. குழல் கழுவின டெல்மர். பெட்ரோல் பங்கில், தேவாலயத்தில், சாவு வீட்டில், இனி இருபது வருஷம்.

டெல்மர் முகத்தில் கவலையைத் தவிர ஒன்றும் இல்லை. "என்ன ஆச்சு நெல்டா?" என்றான். "துப்பாக்கி சுத்தமாத்தானே..."

ராய்ஸின் தலை அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

"யாரும் கைய வைக்கல" என்றாள் நெல்டா சத்தமாக. "டெல்மர், வாய மூடிட்டு இங்க வா."

அவன் வந்தான். அவள் தோட்டாப் பெட்டியையும் மூன்று காலி மேகசின்களையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"ரொப்பு."

"யாரு, நானா?"

"இங்க வேற யாரு இருக்கா? வேகமா ரொப்பு."

குழல் மறுபடி பழக வேண்டுமானால் அதன் வழியாக நாற்பது ஐம்பது குண்டாவது போக வேண்டும். பத்து நிமிஷத்தில் அவளுடைய கட்டைவிரலால் முப்பதுகூட ரொப்ப முடியாது. டெல்மரால் முடியும். கெடுத்தவன் கைதான் சரியும் செய்ய வேண்டியிருந்தது. அவளுக்கு அதைக் கேட்பது பல்லைப் பிடுங்குவதுபோல இருந்தது, ஆனால் கேட்டுவிட்டாள்.

"ஆளு வச்சு ரொப்பலாமா?" என்று கோல்பி இழுத்தான்.

"சுடுறது அவதானே" என்றான் ராய்ஸ். "நீ சும்மா இரு பக்கத்து அட்ட."

நெல்டா சுட ஆரம்பித்தாள். அட்டையைக்கூடப் பார்க்கவில்லை, மண்மேட்டில் சுட்டாள். பத்து. டெல்மர் அடுத்த மேகசினை அவள் உள்ளங்கையில் வைத்தான். பத்து. காலி மேகசின் பின்னால் போனது, நிறைந்தது முன்னால் வந்தது. அவன் விரல்கள் தோட்டாக்களை டக் டக்கென்று செருகின. அவன் முகத்தில் பால் ஆலை நாட்களில் இருந்த அந்த உற்சாகம் ஏறியிருந்தது. பின்னால் சிரிப்புக் கேட்டது.

"மண்ண உழுவுறா. வெதைக்கப் போறாளோ?"

"அதாச்சும் குறி தப்பாது."

"மாப்பிள்ளைய எடு தாயி, நேரம் போகுது" என்று வில்லர்ட் கெஞ்சினார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் அழுதுவிடுவாள் என்று பயந்தாள். நாலாவது மேகசினை அட்டையில் சுட்டாள். சாப்பாட்டுத் தட்டு காபிச் சாஸராகச் சுருங்கியிருந்தது. போதாது. இன்னும் பத்து. சாஸர் ஒரு பிஸ்கட் அளவுக்கு வந்தது. குழல் சூடாகிவிட்டது. சூடான குழலும் தடுமாறும், அதற்கும் இடம் விட வேண்டும்.

"ரெண்டு நிமிஷம்" என்றான் ராய்ஸ். "எந்தத் துப்பாக்கி?"

மாப்பிள்ளையில் நாலு நிச்சயம், ஐந்தாவது சாமி கையில். கழுதையில் ஐந்தும் உண்டு, அது பழகி முடித்திருந்தால். முடித்ததா இல்லையா என்று சுட்டுத்தான் தெரியும். சுட்டுப் பார்க்க நேரம் இல்லை. அவள் சூடு தணிய ஓர் ஈரத் துண்டைக் குழல்மேல் போட்டாள்.

"கழுத" என்றாள்.

வில்லர்ட் தலையில் கைவைத்தார். டெல்மர் ஐந்து தோட்டாக்களை ரொப்பி நீட்டினான். நீட்டும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கை வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது" என்றாள் அவள். வருஷத்தில் முதல் முறையாக அதை ஒப்புக்கொண்டாள்.

துண்டை எடுத்தாள். புது அட்டை. முதல் குண்டு. இரண்டாவது. மூன்றாவதைச் சுட்டபோது தொலைநோக்கியில் துளை ஒன்றுதான் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக. நாலாவது அதே துளையின் ஓரத்தைக் கடித்தது. ஐந்தாவதுக்கு விசையில் விரல் வைத்தபோது கட்டைவிரலின் அடியில் சதை இழுத்துக்கொண்டது. சுடாமல் விரலை எடுத்தாள். கையை உதறினாள். யாரும் சிரிக்கவில்லை. திரும்பக் கன்னத்தைக் கட்டையில் வைத்து, கட்டைவிரலைப் பிடியில் சுற்றாமல் மேலே சும்மா கிடத்தி, மூச்சைப் பாதி விட்டுச் சுட்டாள்.

ஐந்தாவது துளை தனியாக, வலது பக்கம் தள்ளி விழுந்தது.

எவ்வளவு தள்ளி என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ராய்ஸ் எல்லாரையும் நிற்கச் சொல்லிவிட்டுத் தானே நடந்து போய் அட்டையைப் பிடுங்கிவந்தான். மேசையில் விரித்தான். சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்து வைத்தான். வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு பிறை தெரிந்தது. கோல்பி மூச்சை இழுத்தான். ராய்ஸ் மூடியை நகத்தால் வலப்பக்கம் ஒரு துளி நகர்த்தினான். பிறை மறைந்தது. இடப்பக்கம் குனிந்து பார்த்தான். அங்கேயும் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மூடிருச்சு" என்றான். "அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பறோம். லேட்டா வராத."

அவ்வளவுதான் பாராட்டு. நெல்டா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வில்லர்ட் நானூறு டாலரை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைத் தோளில் சாய்த்து எடுத்துப் போனார்.

டெல்மர்தான் வண்டியை ஓட்டினான். பாலம் தாண்டும் வரை அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"நேத்து நீ சர்ச்சுக்குப் போனப்ப, கழுதையோட குழல நல்லாத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணி வச்சேன். உள்ள எத்தன வருஷத்து அழுக்குங்கற! உன்னக் கேட்டா விட மாட்ட, அதான் சொல்லல." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயெல்லாம் பல்லாக இருந்தான். "பாத்தியா, எப்படிச் சுட்டுச்சுன்னு? முதல்ல கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு, ஆனா முடிவுல பாத்தியா? இனி ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் நானே தேய்ச்சுத் தந்துடறேன்."

நெல்டா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போய்விடும், அவன் மறுபடி சும்மா உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்பான்.

"வேண்டாம்" என்றாள். "குழலு என் வேல. டாக்டர் கைக்குப் பயிற்சி குடுக்கச் சொல்லிருக்காரு. நீ அதத் தொடக் கூடாது, சத்தியமாச் சொல்றேன்."

அவன் முகம் கொஞ்சம் இறங்கியது. "சரி" என்றான்.

"உனக்கு வேற வேல இருக்கு." பையிலிருந்து காலி மேகசின்களை எடுத்து அவன் மடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். "ரொப்பற வேல. இனிமே அது உன்னோடது. எனக்கு முடியல."

அவன் ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

"அப்ப அந்த ஊறுகாய் ஜாடிங்க?" என்றான் மெதுவாக.

வீட்டு வேலி தெரிய ஆரம்பித்தது. அவள் வலிக்கிற கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டாள்.

"அதுவும் உன்னோடதுதான்" என்றாள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல திறந்து வச்சிடாத."